16 அட்டைகளில் ஒரு கதை: கிளை பிரியும் கதைக்குத் திட்டமிடுவது எப்படி

வாசகரே முடிவெடுத்து நகர்த்தும் கதையை எழுத உட்காருகிறவர்கள் முதல் காட்சியைப் பெரும்பாலும் நன்றாகவே எழுதிவிடுவார்கள். அதன் அடியில் இரண்டு தெரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி, அதன் அடியிலும் இரண்டு தெரிவுகள். மூன்று தெரிவுகள் தாண்டியதும் எட்டுக் காட்சிகள் எழுதச் சொல்லி நிற்கும். கதை அங்கேயே படுத்துவிடும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். எதையும் சேர்க்காமல் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால், ஐந்து தெரிவுள்ள கதைக்கு 63 காட்சிகள் வேண்டும். காட்சிக்கு 150 சொல் என்றால் 9,450 சொற்கள். ஒருமுறை வாசிப்பவர் பார்ப்பதோ ஆறே காட்சிகள், 900 சொற்கள். தெரிவுகளைப் பத்தாக்கினால் காட்சிகள் 2,047 ஆகிவிடும். பிரிப்பதற்குத் திட்டம் தேவையில்லை; அது தானாக நடக்கும். பிரிந்ததை எங்கே சேர்ப்பது, சேர்த்த பிறகும் வாசகர் செய்ததைக் கதை எப்படி மறக்காமல் வைத்திருப்பது, இந்த இரண்டுக்கும்தான் திட்டம் வேண்டும்.

கணினியை இப்போதைக்கு மூடிவையுங்கள். சாப்பாட்டு மேசை அளவுக்கு இடம், கையகல அட்டைகள், பென்சில் போதும். விளக்குவதற்கு நானே ஒரு சின்னக் கதையைக் கட்டிக்கொள்கிறேன். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய புல்வெளியில் யாரோ ஒரு வெளிநாட்டு ஊழியர் கைப்பேசியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரை பூட்டியிருக்கிறது. மின்கலத்தில் 9 விழுக்காடு. அழைப்பு வருகிறது, திரையில் ‘அம்மா’.

முதல் வேலை: உள்ளே இருப்பது யார்

வாசகர் யாராக இருந்து முடிவெடுக்கிறார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்பதும் அதே வரியில் வந்துவிட வேண்டும். என் வரி இது: “உயர்நிலை நான்கில் படிக்கிறாய், நாளைக் காலை தேர்வு, பத்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், ஆனால் கையில் யாரோ ஒருவருடைய கைப்பேசி அடிக்கிறது.” தேர்வு இல்லாவிட்டால் இது கதையே ஆகாது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வராது? அதற்கு ஒரு விலை இருந்தால்தான் வாசகர் யோசிப்பார்.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே கூடுதலாக ஒரு முடிவு இருக்கிறது. ‘நீ’ என்று எழுதினால் வினைச்சொல்லில் ஆண், பெண் தெரியாது. ‘எடுக்கிறாய்’, ‘ஓடுகிறாய்’ எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் மற்றவர்கள் பேச வாய் திறந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். கடைக்காரர் ‘தம்பி’ என்பாரா, ‘தங்கச்சி’ என்பாரா? இரண்டு வழி உண்டு. முதல் அட்டையிலேயே யாரென்று சொல்லிவிடலாம். அல்லது வாசகரையே கேட்டு, அந்த விடையைக் கதை முழுக்க நினைவில் வைத்து முறைச்சொற்களை மாற்றலாம். இரண்டாவது வழி அழகானது, ஆனால் ஒவ்வொரு உரையாடலிலும் வேலை வைக்கும். முதல் கதைக்கு வேண்டாம் என்பேன். நான் ‘தம்பி’யையே எடுத்துக்கொள்கிறேன்.

முடிவுகளை முதலில் எழுதுங்கள்

நான்கு முடிவுகள் போதும். ஒவ்வொன்றும் ஒரு வரி:

துவாஸில் அவர் தங்கியிருக்கும் ஊழியர் விடுதியின் வாசலில் நேரில் கொடுப்பது. போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு நேரத்துக்கு வீடு போவது. நண்பன் என்று சொல்லி வந்தவனிடம் கொடுத்துவிட்டு, அவன் உண்மையிலேயே நண்பன்தானா என்ற சந்தேகத்தோடு நிற்பது. வீட்டுக்கே எடுத்துப்போய் மின்னேற்றி, தேர்வு முடிந்து திறக்கும்போது தவறிய அழைப்புகளின் வரிசையைப் பார்ப்பது.

இவற்றில் எதுவும் ‘நல்ல முடிவு’ இல்லை, ‘கெட்ட முடிவு’ம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒன்று கிடைக்கிறது, ஒன்று போகிறது. நம் பிள்ளைகள் நன்னெறிக் கட்டுரை எழுதி எழுதிப் பழகியவர்கள். எது சரியான விடை என்று மோப்பம் பிடித்து அதையே அமுக்குவார்கள். மோப்பம் பிடிக்க முடியாத முடிவுகளை வைத்தால்தான் கதை விளையாட்டாகும். இரண்டு முடிவுகளுக்கு நடுவே வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம்தான் என்றால் அவை ஒரே முடிவு; சேர்த்துவிடுங்கள். பாதியில் ‘வண்டி மோதிச் செத்தாய்’ என்று முடிக்கிற வகை வேண்டவே வேண்டாம்.

வடிவம்

கிளைகளை எப்படி அமைப்பது என்பதற்குப் பல வடிவங்கள் உண்டு. எதுவும் எங்கும் சேராமல் விரிந்துகொண்டே போகும் வடிவம் ஒன்று. பக்கங்கள் பல, ஒவ்வொரு பாதையும் குட்டை. 1979இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுவர் நூல் வரிசையின் முதல் புத்தகம் இப்படித்தான் 40 முடிவுகளோடு வந்தது. ஒரே நடுத்தண்டும், அதிலிருந்து சட்டென்று முடிந்துபோகும் குட்டைக் கிளைகளும் கொண்டது இன்னொன்று. எழுதச் சுலபம், ஆனால் வாசகர் இரண்டாவது முறை வாசிக்கும்போது ஏமாந்ததாக உணர்வார்.

மூன்றாவது வடிவத்தை நாம் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. அவன் விடை சொன்னதும் மறுபடியும் முருங்கை மரம் ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றும் அதே மரத்துக்கு வந்து சேர்கிறது. கடைசியில் விடை தெரியாமல் அவன் மௌனமாக நிற்கும்போதுதான் சுற்று உடைகிறது. இதில் கற்றுக்கொள்ள இருப்பது ஒன்று: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது தவறில்லை, ஆனால் வருகிறவனிடம் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

புதியவருக்கு நான் சொல்வது நான்காவது: பிரிந்து, ஒரு சந்தியில் சேர்ந்து, மறுபடி பிரிந்து, கடைசியில் பல முடிவுகளாகப் போவது. மேலே சொன்ன கதை அந்த வடிவம்தான்.

அட்டைகளை அடுக்குவது

ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. கதையின் வரிகளை அதில் எழுதாதீர்கள். மூலையில் எண். நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே, வாசகர் இங்கே எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார். அடியில், எந்தெந்த எண்ணுக்குப் போகலாம். அவ்வளவுதான். பெறுவது, இழப்பது என்ற வரி காலியாக இருந்தால் அந்தக் காட்சி வெறும் நடை. பக்கத்து அட்டையோடு சேர்த்துவிடலாம்.

கைப்பேசிக் கதையை அடுக்கிப் பார்ப்போம். அட்டை 1 புல்வெளி, அழைப்பு. எடுத்தால் அட்டை 2, எடுக்காமல் விட்டால் அட்டை 3.

அட்டை 2இல் அம்மா பேசுகிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக் குரல். “முருகேசா, சாப்ட்டியாப்பா?” இங்கே இரண்டு தெரிவுகள். “நான் உங்க மகன் இல்லம்மா” என்று உண்மையைச் சொன்னால் அட்டை 4. “சாப்ட்டேம்மா” என்று முணுமுணுத்துச் சமாளித்தால் அட்டை 5.

உண்மையைச் சொன்னவனுக்கு என்ன கிடைக்கிறது? அம்மா பதறிவிட்டு, மகனோடு வேலை செய்யும் நண்பனின் எண்ணைத் தேடிச் சொல்கிறார். பொய் சொன்னவனுக்கு? மகனிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்ற செய்தியைச் சொல்லிவிட்டு அவர் அழுகிறார். அந்நியனிடம் சொல்லியிருக்க மாட்டார். எடுக்காமல் விட்டவனுக்குப் பெயரும் தெரியாது, செய்தியும் தெரியாது. ஆனால் மின்கலம் குறையவில்லை.

திட்டமிடும்போது அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உண்மைக்கு ஓர் உதவி கிடைத்தது, பொய்க்கு ஒரு பாரம் கிடைத்தது, மௌனத்துக்கு நேரம் கிடைத்தது. மூன்றும் மூன்று வகைச் சொத்து. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. ஒரு தெரிவு நல்லதையும் இன்னொன்று வெறுங்கையையும் தந்தால் அங்கே வாசகர் முடிவெடுக்கவில்லை, தேர்வு எழுதுகிறார்.

3, 4, 5 மூன்றும் அட்டை 6இல் சேர்கின்றன. எப்படிச் சேர்ப்பது? மழை. சிங்கப்பூர் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புல்வெளியில் இருந்த எல்லாரும் எதிர்வரிசைக் கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடிப் பாதைக்கு ஓடுகிறார்கள். நீயும் ஓடுகிறாய். சந்திக்கு வாசகரைத் தள்ளிக்கொண்டு வருவது கதையின் உலகமாக இருக்க வேண்டும். எழுத்தாளரின் கை தெரியக்கூடாது. மழை, கடைசி ரயில், கடை மூடும் நேரம், வீட்டிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் இந்த வேலையைச் செய்யும். “நீ என்ன செய்தாலும் சரி, கடைசியில் அங்கே போகிறாய்” என்ற மாதிரி வாக்கியம் மட்டும் கூடாது.

அட்டை 6இலிருந்து மூன்று வழி. விடுதிப் பேருந்துக்கு நிற்பவர்களிடம் விசாரிப்பது அட்டை 7. பூட்டுத்திரையில் இருக்கும் படத்தைப் பார்த்து ஒருவர், “துவாஸ் வண்டியில ஏறிட்டாரே தம்பி” என்கிறார். போலீஸ் நிலையம் அட்டை 8. உன் சொந்தக் கைப்பேசியில் நண்பனை அழைப்பது அட்டை 9. இது அம்மாவிடம் எண் வாங்கியவனுக்கு மட்டுமே திறக்கும். 7இலிருந்து அட்டை 10, லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நடைமேடை. அங்கே கடைசித் தெரிவு: துவாஸ் போனால் 11, வீட்டுக்குப் போனால் 12. பிறகு 13 முதல் 16 வரை நான்கு முடிவுகள்.

மொத்தம் 16 அட்டைகள். வாசகர் ஒருமுறைக்கு 5 முதல் 8 வரை பார்ப்பார். எட்டுக் காட்சி நீளப் பாதையைச் சந்தியே இல்லாமல் இரண்டிரண்டாக விரித்திருந்தால் 255 அட்டைகள் ஆகியிருக்கும்.

எதை நினைவில் வைப்பது

சந்தியில் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றாலும், யார் எதைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கதை மறக்கக்கூடாது. நிரல்மொழியில் இதை மாறி என்பார்கள். என் கதைக்கு மூன்று: நண்பனின் எண் இருக்கிறதா, அப்பா பற்றிய செய்தி தெரியுமா, மின்கலம் எத்தனை விழுக்காடு.

இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் உள்ள மாறி ஒவ்வொன்றும் சாத்தியங்களை இரட்டிப்பாக்கும். மூன்று மாறிக்கு 8 நிலைகள், ஐந்துக்கு 32, பத்துக்கு 1,024. முதலில் சொன்ன வெடிப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும். நான் பிடிக்கும் விதி ஒன்று உண்டு: நினைவில் வைக்கும் ஒவ்வொன்றும் கதையில் இரண்டு தடவையாவது தலைகாட்ட வேண்டும், ஒருமுறை சீக்கிரமே, ஒருமுறை முடிவில். அப்படிக் காட்ட இடமில்லை என்றால் அதை நினைவில் வைக்காதீர்கள்.

எண்ணாக வரும் மாறிதான் சுவையானது. மின்கலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தொடக்கம் 9. உண்மை சொன்ன அழைப்புக்கு 3 போகும், பொய் சொன்னதற்கு, பேச்சு நீண்டதால், 4. அட்டை 6, 7, 10 ஒவ்வொன்றுக்கும் 1. துவாஸ் பயணத்துக்கு 2. எடுக்காமல் விட்டவன் விடுதி வாசலுக்கு 4 விழுக்காட்டோடு போய்ச் சேர்வான். அங்கே அம்மா மறுபடி அழைக்கலாம். உண்மை சொன்னவனுக்கு 1 மிஞ்சும். பொய் சொன்னவனுக்குச் சுழியம். ஆயிரக்கணக்கானோர் தங்கும் விடுதியின் வாசலில், செத்துப்போன கைப்பேசியோடும், ‘முருகேசு’ என்ற ஒற்றைப் பெயரோடும், சொல்லியே ஆக வேண்டிய செய்தியோடும் அவன் நிற்பான். இந்தக் காட்சியை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கூட்டல் கழித்தல் கொடுத்தது. எண்களை அட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள், நீளமான பாதையில் ஒருமுறை, குட்டையானதில் ஒருமுறை கழித்துப் பாருங்கள். பாதி வழியில் சுழியமாகிவிட்டால் தொடக்க எண்ணை மாற்றலாம்.

கடிகாரமும் வரைபடமும்

ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் மணி எழுதுங்கள். புல்வெளியில் இரவு 8.40 என்றால் புதுக்கோட்டையில் மாலை 6.10, ஏனென்றால் நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். “தூங்கப் போறேன்பா” என்று அம்மா சொன்னால் வாசகர் சிரிப்பார். லிட்டில் இந்தியாவில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் கிழக்கு-மேற்குப் பாதைக்கு மாறி, 2017இல் திறந்த துவாஸ் லிங்க் வரை போக ஒரு மணி நேரம் போல ஆகும். அதற்கு மேல் நடை. திரும்பி வரக் கடைசி ரயில் இருக்குமா என்பதை நிலையத்தின் நேர அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் வாசகர் உணர்ச்சிப் பிழையை மன்னிப்பார், எம்ஆர்டி பிழையை மன்னிக்க மாட்டார்.

தெரிவின் சொற்கள்

அட்டை அடுக்கும்போதே தெரிவுகளின் சொற்களையும் எழுதிவிடுவது நல்லது. ‘ஆம் / இல்லை’ என்றோ, ‘நேர்மையாக இரு / ஏமாற்று’ என்றோ எழுதாதீர்கள். முதலாவது ஒன்றுமே சொல்வதில்லை, இரண்டாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. “நான் உங்க மகன் இல்லம்மா”, “சாப்ட்டேம்மா” என்று பேசப்போகும் பேச்சையே வைத்தால் வாசகர் அதன் எடையைத் தானே உணர்வார். நீளமும் நடையும் ஒத்திருக்கட்டும்.

பேச்சுத்தமிழ் விஷயத்தில் முன்னாலேயே ஒரு பட்டியல் போடுங்கள். அம்மாவின் பேச்சு ஒன்று. பேருந்துக்கு நிற்பவர்கள் பல ஊர்க்காரர்கள். மாணவன் பேசுவது ஆங்கிலம் கலந்த சிங்கப்பூர்த் தமிழ். போலீஸ் நிலையத்தில் ஒருவேளை முழுக்க ஆங்கிலம், அதைத் தமிழ் விவரிப்பாக்கிவிடலாம். விவரணைக்கு எளிய எழுத்துத்தமிழ்.

மேசைச் சோதனை

எழுதும் முன் யாராவது ஒருவரை எதிரே உட்காரவைத்து அட்டைகளை வாயால் சொல்லி நடத்துங்கள். காப்பிக்கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் ஆள் கிடைத்துவிடும். தெரிவு வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். யோசிக்காமல் சட்டென்று சொன்னால் அந்தத் தெரிவில் உயிரில்லை. “இது ரெண்டும் வேணாம், நான் வேற செய்வேன்” என்றால் அட்டையின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் அதையே சொன்னால் அது உங்கள் அடுத்த அட்டை. நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டால் சோதனை கெட்டுப்போகும், வாயை மூடிக்கொண்டிருங்கள். ஒரு மாணவரிடமும் ஒரு பெரியவரிடமும் தனித்தனியே நடத்திப் பார்ப்பது பயன் தரும். தாயாக இருப்பவர் அட்டை 2இல் பொய் சொல்லவே மாட்டார், அல்லது பொய்யைத்தான் முதலில் சொல்வார்.

பிறகு நீங்களே ஒருமுறை: எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத அட்டை உண்டா, வெளியே போக வழியில்லாத அட்டை உண்டா என்று பாருங்கள்.

கருவி

இனிக் கணினியைத் திறக்கலாம். ட்வைன் என்பது கிளைக்கதை கட்டும் மென்பொருள். இலவசம், கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்டது. ஒவ்வோர் அட்டையும் திரையில் ஒரு பெட்டியாகும். இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் பெட்டியின் பெயரை எழுதினால் அதுவே இணைப்பு. யூனிகோட் தமிழ் அப்படியே ஓடும். மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்தால் தொல்லை குறைவு. முடிந்த கதை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். உலாவியில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கதை அந்த உலாவிக்குள்தான் சேமிக்கப்படுகிறது. உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். எழுதி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் காப்புக்கோப்பு ஒன்றை இறக்கி வையுங்கள்.

உரை அதிகம், பெட்டிகள் வேண்டாம் என்பவர்களுக்கு இங்கிள் நிறுவனம் 2016இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட இங்க் என்ற கதை எழுதும் நிரல்மொழி இருக்கிறது. வகுப்பறையில் செய்கிற ஆசிரியர்களுக்கு கூகள் ஃபார்ம்ஸே போதும்: விடைக்கேற்ப வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி அதில் உண்டு. மின்கலக் கணக்கு மாதிரி எதையும் அதில் வைக்க முடியாது. 3, 4, 5 மூன்றுக்கும் பொதுவாக அட்டை 6ஐ எழுத வேண்டியிருக்கும்.

எழுதும் வரிசைக்கு என் பரிந்துரை: முதலில் மிக நீளமான பாதையை ஆரம்பம் முதல் முடிவு வரை, அதாவது 1, 2, 5, 6, 7, 10, 11, 13. அது தனியாக ஒரு சிறுகதையாக நிற்கிறதா பாருங்கள். நின்றால் மற்ற அட்டைகளை நிரப்பலாம். அட்டை 6ஐ மட்டும் மற்றவை முடிந்த பிறகு திருத்தி எழுதுங்கள், மூன்று விதமாக வந்து சேர்கிற மூன்று பேருக்கும் அது பொருந்த வேண்டும். “அம்மா சொன்னது காதில் ஒலித்தது” என்று ஒரு வரி எழுதிவிட்டால், அழைப்பையே எடுக்காதவர் முழிப்பார். அப்படிப்பட்ட வரிகளை மாறியோடு கட்டி, உரியவருக்கு மட்டும் காட்டுங்கள். ஒரு காட்சி 120 முதல் 200 சொல்லுக்குள் இருந்தால் கைப்பேசியில் இரண்டு மூன்று உருட்டலில் தெரிவு கண்ணில் படும்.